திரையில் இருபத்தைந்து

உட்காருங்க, உட்காருங்க. அந்த சீட்டுக்கு ஆள் இல்லீங்க. டிக்கெட்டு எடுத்தது எடுத்ததுதான், ஆனா ஆள் வராது. என்கூட வேலை செய்யற புள்ள ஒண்ணு, பியூலான்னு பேரு, அதுக்கு எடுத்தது. ஏறமாட்டேன்னு கீழயே நின்னுருச்சு. நீங்க ஓடி வந்து தொத்துனதும் நல்லதாப் போச்சு. காலி சீட்டைப் பாத்துக்கிட்டே மதுரை வரைக்கும் வர்றதுக்கு எனக்குத் தெம்பு இல்லீங்க.

நான் மதுரையில இறங்கி கோயமுத்தூரு பஸ் புடிக்கணும். திருமூர்த்தின்னு பேரு. சாஃப்ட்வேருங்க. சாஃப்ட்வேருன்ன ஒடனே அமெரிக்கா, கண்ணாடிக் கட்டடம்னு நெனச்சுக்காதீங்க. சிங்காநல்லூருப் பக்கம் ஒரு பேக்கரிக்கு மேல மாடியில கம்பெனி. முதலாளி முன்னாடி மோட்டாரு வித்தவரு. அங்க முதல் வரி கம்ப்யூட்டர் கோடு எழுதினதே நாந்தான். எல்லாப் பசங்களும் எனக்கப்பறம் வந்தவங்கதான்.

இன்னைக்கு இந்த ஊருல ஒரு விசாரணை. எறால் பதப்படுத்தற பிளான்ட்டு ஒண்ணுல அம்மோனியா கசிஞ்சு ரெண்டு பொண்ணுங்க செத்துப் போச்சுங்க. இந்தப் பக்கத்துக்காரருன்னா நீங்களே கேள்விப்பட்டிருப்பீங்க. பிளான்ட்டு பேரெல்லாம் சொல்லமாட்டேன், கேஸு நடக்குது. அங்க வாயுவை மோந்து பாத்து மணி அடிக்கற சாஃப்ட்வேரு எங்களுது. அந்த ஷிஃப்டுக்கு சூப்பர்வைசரு ராயப்பன்னு ஒருத்தரு. அவரு ஜெயிலுக்குப் போறதா வீட்டுக்குப் போறதாங்கறது இன்னைக்கு விசாரணையில எழுதறதைப் பொறுத்துதான். செத்ததுல ஒண்ணு அவரோட சொந்தத் தங்கச்சி, ஸ்டெல்லா. அவருதான் கூட்டிட்டு வந்து வேலையில சேத்து விட்டிருக்காரு. பாவந்தானுங்க. பாவம் இல்லேன்னு நான் சொல்லலை. ஆனா நான் சாட்சியாப் போனவன். சாட்சி பாவம் பாக்க ஆரம்பிச்சா ஊரு என்னத்துக்கு ஆகும்?

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேனுங்க. நான் பொய் ஒண்ணும் சொல்லலை. கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையான பதிலுதான் சொன்னேன். கேக்காத கேள்விக்கு யாராச்சும் பதில் சொல்லுவாங்களா? நீங்களே சொல்லுங்க.

அந்தப் புள்ளைக்கும் எனக்கும் சண்டை எங்க ஆரம்பிச்சுதுன்னா, ஒரு நம்பருல ஆரம்பிச்சுது. காத்துல அம்மோனியா எவ்வளவு ஏறினா மணி அடிக்கணும்? அதுக்கு ஒரு அளவு வேணும். அந்த அளவை எங்க எழுதி வெக்கறது? இதானுங்க சண்டை. சிரிக்காதீங்க. ரெண்டு உசுரு போனதுக்கு ஆரம்பம் இவ்வளவுதான்.

எழுதி வெக்க ரெண்டு இடம் இருக்குது. ஒண்ணு கான்ஃபிக் ஃபைலு. சாஃப்ட்வேருக்கு வெளிய தனியாக் கெடக்கற சின்ன ஃபைலு. யாரு வேணாலும் தொறந்து, நம்பரை மாத்தி, சேவ் குடுத்து, சாஃப்ட்வேரை ஒருக்கா நிறுத்தி ஓட்டுனாப் போதும். இன்னொண்ணு கஸ்டம் ஆட்ரிப்யூட்டு. அது கோடுக்குள்ளயே இருக்கும். எந்த வேலைக்கு அந்த நம்பரோ, அந்த வேலையைச் செய்யற வரிங்க தலைமேலயே சதுர அடைப்பு போட்டு நாமளே எழுதறது. அதை மாத்தணும்னா எழுதினவன் கைதான் வரணும். புரியுதுங்களா? ஃபைலுங்கறது கதவுல ஒட்டற சீட்டு. ஆட்ரிப்யூட்டுங்கறது பச்சை குத்தறது. சீட்டைக் காத்தும் கிழிக்கும், கண்டவனும் கிழிப்பான். பச்சை அப்படியா?

நான் பச்சைக் கட்சி. அந்தப் புள்ள சீட்டுக் கட்சி.

அது இந்தக் கடக்கரைப் பக்கத்துப் புள்ளைங்க. வந்து ரெண்டு வருசந்தான் ஆச்சு. நல்லா வேலை செய்யும், அதை நான் இல்லேன்னு சொல்லமாட்டேன். அதோட சித்தி ஒருத்தி எறால் கம்பெனியில தோல் உரிச்சவங்களாமா. அதனால இந்த பிளான்ட்டு வேலைன்னா அதுக்குக் கொஞ்சம் ரோசம் ஜாஸ்தி. முதலாளி ரூமுல எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அளவு எப்பவும் கோடுக்குள்ளதான் இருக்கணும், பிளான்ட்டுக்காரன் கையில குடுத்தா குரங்கு கையில பூமாலை குடுத்த கதைதான்னு நான் சொன்னேன். அந்தப் புள்ள நிமிந்து என்னைப் பாத்துச்சு.

"சார், மூக்கு எரியறது அங்க நிக்கிறவங்களுக்கு. அளவை மாத்துற கையும் அங்கதானே இருக்கணும்?"

மூக்கு இருக்கறவனெல்லாம் டாக்டராம்மான்னு நான் கேட்டேன். ரூமுல எல்லாரும் சிரிச்சாங்க. முதலாளியும் சிரிச்சாரு. சிரிச்சுட்டு, ஃபைலே வெச்சிரலாம் திருமூர்த்தின்னாரு. ஒவ்வொருத்தன் அளவு மாத்தறதுக்கும் நம்மாளு பஸ் ஏறிப் போக முடியுமான்னாரு. அவ்வளவுதான், முடிஞ்சுது. அந்த ரூமுல நான் எத்தனை வருசமா உட்கார்ந்திருக்கேன். நேத்து வந்த புள்ள முன்னாடி, நான் சிரிக்க வெச்சதுக்குச் சிரிச்சுட்டு, அது சொன்னதைக் கேட்டுக்கிட்டாரு. வெளிய வந்தப்ப கீழ பேக்கரியில டீ வரவழைச்சாங்க. நான் தொடலீங்க.

சரிங்கன்னு ஒத்துக்கிட்டேன். ஃபைலைப் படிக்கற கோடை நானே எழுதிக் குடுத்தேன். முதலாளி சொன்னா செய்யறதுதானே நம்ம வேலை?

ஆனா பாருங்க, கொஞ்ச நாள் கழிச்சு வேறொரு ஐஸ் பேக்டரியில ஒருத்தன் ஃபைலைத் தொறந்து நம்பருக்குப் பின்னாடி ஒரு சைபரைச் சேத்துட்டான். கை தவறி. நல்லவேளை, நாங்க சும்மா பாக்கப் போனப்ப கண்ணுல பட்டுது. நான் சொன்னது நெசமாச்சா இல்லையா? அதை நான் ஆபீசுல சொல்லிக்காட்டலை. சொல்லிக்காட்டறது என் பழக்கம் இல்லீங்க. சத்தமில்லாம ஒரு காரியம் பண்ணினேன். மணி அடிக்கற அந்த வேலையோட தலைமேல சதுர அடைப்பு போட்டு என்னோட நம்பரையும் எழுதினேன். ஃபைலுல இருக்கறதும் என்னுதும் வேற வேறயா இருந்தா, என்னுதுதான் ஜெயிக்கும். ஒரு பாதுகாப்புக்குத்தானுங்க. புள்ள வெளையாடற கெணத்துக்கு வலை போடறதில்லையா, அந்த மாதிரி.

ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்கக் கூடாதும்பாங்க. தெரியும். எனக்கா தெரியாது? ஆனா ரெண்டு கத்தியிலயும் ஒரே நம்பருதானே இருந்துச்சு. நூத்தம்பது. ஆரம்பத்துல தரை கழுவற மருந்து வாடைக்கெல்லாம் மணி அடிச்சு, ஆளுக வேலையப் போட்டுட்டு வெளிய ஓடறாங்கன்னு பிளான்ட்டு முதலாளிங்க புலம்பவும் நாங்க தூக்கி வெச்ச நம்பரு அது. ஃபைலுலயும் நூத்தம்பது, என் வரியிலயும் நூத்தம்பது. டெஸ்ட் பண்ணின பசங்க நூத்தம்பதுல மணி அடிக்குதான்னு பாத்தாங்க. அடிச்சுது. எந்தக் கத்தி வெட்டுச்சுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

ஃபைலை மதிக்கலேன்னா திரையில ஒரு எச்சரிக்கையாச்சும் காட்டியிருக்கலாமேன்னு கேப்பீங்க. கேக்கலையா? சரி, நானே சொல்றேன். காட்டினா அந்தப் புள்ள பாத்துரும். மறுபடி மீட்டிங்கு. மறுபடி முதலாளி முன்னாடி நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கணும். எதுக்குங்க அந்த அக்கப்போரு? ஆயிரம் வரிக்கு நடுவுல ஒரு வரி. எனக்குத் தெரியும், கோடுக்குத் தெரியும். போதாதா?

இதுல அந்தப் புள்ள செஞ்ச தப்பு ஒண்ணு இருக்குது. அதை யாரும் பேசறதில்லை. இப்ப அளவு எவ்வளவுன்னு திரையில ஓரமா ஒரு எடத்துல காட்டும். அந்தத் திரையை எழுதினது அது. அந்த நம்பரை ஃபைலுல இருந்து நேரா எடுத்துப் போட்டிருந்துச்சு. மணி அடிக்கற கோடுக்கிட்டக் கேட்டுப் போட்டிருந்தா என் நம்பரு வந்திருக்கும். ஃபைலுல என்ன இருக்கோ அதை அப்படியே காட்டினா? ஆனா அதைத் தப்புன்னு சொன்னா என்னைத்தான் மொறைக்கறாங்க.

சித்த அந்த சன்னலை ஏத்தி விடுங்க. காத்து மூஞ்சியில அடிக்குது. ஆங், போதும்.

ராயப்பனுக்கு வர்றேன். ஆள் ஒல்லியா இருப்பாரு. சத்தமாப் பேசமாட்டாரு. தங்கச்சி தெனமும் சாயங்காலம் கண்ணைக் கசக்கிக்கிட்டு வந்து நிக்குமாம், எரியுதுண்ணேன்னு. கூட வேலை செய்யற பொண்ணுங்களும் அதையே சொல்லியிருக்காங்க. பிளான்ட்டுல ஏதோ பாதுகாப்பு வகுப்பு நடத்தினப்போ, இருபத்தஞ்சுலயே மணி அடிக்கணும்னு இவரு காதுல விழுந்திருக்கு. மேனேஜருகிட்டக் கேட்டிருக்காரு. மாத்திக்கோன்னிருக்காரு மேனேஜரு. பியூலா எழுதிக் குடுத்த கையேட்டைப் பாத்து, ஃபைலைத் தொறந்து, நூத்தம்பதை அழிச்சு, இருபத்தஞ்சுன்னு போட்டாராம். இது அவரு சொல்றது.

போன் பண்ணிக் கேட்டேன்னும் சொல்றாரு. பண்ணினாருங்க. அதை நான் மறைக்கலை. பியூலா அன்னைக்கு லீவு. நாந்தான் எடுத்தேன். மாத்திட்டேன் சார், இது போதுமா சார்னாரு. திரையில என்ன காட்டுதுன்னேன். இருபத்தஞ்சு காட்டுது சார்னாரு. அப்பறம் என்னங்கன்னு வெச்சுட்டேன். சாப்பாட்டு நேரம். தட்டுல சோறு போட்டு வெச்சிருந்தேன். அந்த நேரத்துல, எப்பவோ எழுதின ஒரு வரி ஒருத்தனுக்கு ஞாபகம் வருமா? வரலீங்க. வந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேனா? நான் என்ன அரக்கனா?

அப்பறம் ஒரு நாள் அங்க குழாய் மூட்டு ஒண்ணு கொஞ்சங் கொஞ்சமாக் கசிய ஆரம்பிச்சிருக்கு. முப்பது, அம்பது, எம்பதுன்னு ஏறியிருக்கு. பொண்ணுங்க மூக்கை முந்தானையில மூடிக்கிட்டு வேலை பாத்திருக்காங்க. மணி அடிச்சா வெளிய போலாம்னு ராயப்பனே சொல்லி வெச்சிருந்தாராமா. மணி அடிக்கலை, அப்ப பயம் ஒண்ணும் இல்லேன்னு உட்கார்ந்திருக்காங்க. அப்பறம் மூட்டு மொத்தமாக் கழண்டுக்கிச்சு. மணியே அடிக்கலேன்னு பேப்பருல போட்டாங்க, அது பொய்யிங்க. அடிச்சுது. நூத்தம்பதுல டாண்ணு அடிச்சுது. ஓடினவங்க ஓடிட்டாங்க. குளிரறைக் கதவுக்கிட்ட இருந்த ரெண்டு பேருக்கு வழி தெரியலை.

சேதி வந்தப்ப ஆபீசுல எல்லாரும் இருந்தோம். பியூலா எந்திரிச்சு சன்னல் பக்கம் போய் நின்னு அழுதுச்சு. அழுது என்ன பண்றது? எனக்கு அழுகை வரலை. அந்த ஒரு வரிதான் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. சதுர அடைப்பு, உள்ள நூத்தம்பது. ஒடனே உட்கார்ந்தேன். அந்த வரியைத் தூக்கினேன். இனிமே ஃபைலு சொல்றதுதான் சட்டம்னு மாத்தி, மறுபடி கட்டி, எல்லா ஊரு பிளான்ட்டுக்கும் அப்டேட்டு அனுப்பிச்சுட்டேன். மத்த எடத்துலயும் எவனாச்சும் அளவைக் கொறச்சு வெச்சிருந்தா? அங்கயும் உசுருதானே வேலை செய்யுது? மத்தவங்க அழுதுக்கிட்டு நின்னாங்க, நான் சரி பண்ணிக்கிட்டு இருந்தேன். மனசுல அழுக்கு இருக்கறவன் அப்படிச் செய்வானா? சொல்லுங்க.

அந்த பிளான்ட்டு கம்ப்யூட்டருக்கும் அப்டேட்டு போயிருச்சு. அதை மட்டும் எடுத்துட்டு அனுப்பியிருக்கணுமோ என்னமோ. அந்த அவசரத்துல யாரு அதையெல்லாம் பாக்கறா? எங்க அப்டேட்டு போச்சுன்னா ஃபைலும் புதுசா வந்து பழசு மேல உட்காரும். எப்பவும் அப்படித்தான். மத்த பிளான்ட்டுக்காரங்க கூட மறுநாள் போன் பண்ணி, நாங்க மாத்தி வெச்சதெல்லாம் போச்சேன்னு திட்டினாங்க. புது ஃபைலுல நூத்தம்பது. போலீசு வந்து அந்தக் கம்ப்யூட்டருக்கு சீல் வெச்சப்ப, ஃபைலைத் தொறந்து பாத்திருக்காங்க. நூத்தம்பது இருந்துச்சு. ராயப்பன் இருபத்தஞ்சுங்கறாரு. கண்ணு முன்னாடி நூத்தம்பது இருக்குது. யாரு நம்புவா?

ஒருத்தரும் நம்பலை. மேனேஜரு, நான் மாத்தச் சொன்னேன், இவன் மாத்தலைன்னு எழுதிக் குடுத்துட்டாரு. தங்கச்சி புருசன் இவரைப் பாத்தா வேற பக்கம் திரும்பிக்கிறானாமா. மாதா கோயில்ல இவரு உட்கார்ற வரிசையில யாரும் உட்கார்றதில்லையாமா. பெத்த ஆத்தா ஒருத்திதான் நம்புச்சாம். என் மவன் மாத்துனேன்னா மாத்தியிருப்பான்னு. அந்த அம்மா இன்னைக்கு வெளிய மரத்தடியில வந்து உட்கார்ந்திருந்துச்சு. நான் அந்தப் பக்கம் போகலை. வெயிலு வேற.

விசாரணை பிளான்ட்டு ஆபீஸ் ரூமுலயே நடந்துச்சு. விசாரிக்க வந்த அதிகாரி தன்மையான மனுசன். கம்ப்யூட்டரைத் தொறந்து வெச்சாங்க. ராயப்பன் ஒரு மூலையில நின்னாரு. அவரை மொதல்ல கேட்டாங்க. மாத்தினேன் சார், திரையில இருபத்தஞ்சு காட்டுச்சு சார், கோயமுத்தூருக்குப் போன் கூடப் பண்ணிக் கேட்டேன் சார்னு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாரு. யாருகிட்டப் பேசினன்னு அதிகாரி கேட்டாரு. பேரு தெரியலை சார், ஒரு ஆம்பளைக் குரல் சார்னாரு. அதிகாரி எழுதிக்கிட்டாரு. அந்தக் கேள்வியை அவருகிட்டதானுங்க கேட்டாங்க. என்கிட்டக் கேக்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

என்கிட்டக் கேட்டது ஒரே கேள்வி. ஃபைலுல அளவை மாத்தினா, மாத்தின அளவுல மணி அடிக்குமா? அடிக்கும் சார்னேன். உண்மைதானே? அடிக்கும். அன்னைக்கு அடிச்சிருக்குமான்னு அவரு கேக்கலை. செஞ்சு காட்டுங்கன்னாரு. ஃபைலைத் தொறந்தேன், இருபத்தஞ்சு போட்டேன், சேவ் குடுத்தேன், நிறுத்தி ஓட்டினேன். பஞ்சுல அம்மோனியாத் தண்ணி நனைச்சு, பெட்டியில கொண்டாந்திருந்த சென்சாருக்குப் பக்கத்துல கொண்டு போனேன். இருபதாச்சு, இருபத்தஞ்சாச்சு. மணி அடிச்சுது. ரூமே அதிருச்சு. வெளிய வேலை செய்யற பொண்ணுங்க கத்திக்கிட்டு ஓடறது கேட்டுச்சு. பாவம், சோதனைன்னு அவங்களுக்கு யாரும் சொல்லலை போல.

மணியை நிறுத்தினதுக்கப்பறம் அதிகாரி ராயப்பனைப் பாத்தாரு. ராயப்பன் திரையைப் பாத்துக்கிட்டே நின்னாரு. எனக்குள்ள என்ன ஓடுச்சுன்னா, இனியும் இந்த மனுசன் முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாரு போல இருக்குதேன்னுதான். அவரு மெதுவாப் பக்கத்துல வந்தாரு. அந்த இருபத்தஞ்சு மேல வெரலை வெச்சுப் பாத்தாரு.

"அப்ப நாந்தான் சேவ் குடுக்காம விட்டுருக்கேன் போல சார். மாத்துன மாதிரியேதான் ஞாபகம் இருக்கு. ஆனா விட்டுருக்கேன். இல்லாட்டி எந்தங்கச்சிக்கு இந்த மணி அடிச்சிருக்கும்ல?"

அதை அப்படியே எழுதச் சொல்லி அதிகாரி கையெழுத்து வாங்கிக்கிட்டாரு. நாளைக்கு ஸ்டேசனுக்கு வரச் சொன்னாங்க. வெளிய போய் அவங்க ஆத்தாகிட்ட அவரே சொன்னாரு. நான் கதவுக்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன், அதனால தெரியும். அந்த அம்மா எந்திரிச்சு, சேலையில மண்ணைத் தட்டிக்கிட்டு, தனியாப் போயிருச்சு. அவரு கூடப் போகலை. போனா வேண்டாம்னுடும்னு தெரிஞ்சிருக்கும்.

எனக்கு மனசு கேக்கலீங்க. நானே போய் அவரு தோளைத் தட்டினேன். எல்லாருக்கும் வர்ற தப்புதாங்க, சேவ் குடுக்க மறக்கறது எங்களுக்கே நடக்கும்னு சொன்னேன். நான் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. ஆறுதலா ஒரு வார்த்தை. அதுக்கு அவரு என் சாமான் பெட்டியை வாங்கித் தோளுல வெச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தாருங்க. வேண்டாம்னேன், கேக்கலை. சென்சாரு, மணி, வயரு எல்லாம் கனமாத்தான் இருக்கும்.

பியூலா எங்களுக்குப் பின்னாடியே வந்துச்சு. சோதனை நடக்கறப்பவே அது ஓரமா உட்கார்ந்து லேப்டாப்பை மடியில வெச்சு என்னமோ பாத்துக்கிட்டே இருந்துச்சு. பழைய கோடு அதுல இருக்குதுங்க. யாரு எந்த வரியை என்னைக்குச் சேத்தாங்க, என்னைக்கு எடுத்தாங்கன்னு எல்லாம் இருக்கும். நான் எதையும் அழிக்கலை. அழிக்கணும்னு நெனைக்கவும் இல்லை. தேடினா யாருக்கும் கெடைக்கும். யாரும் தேடலை, நான் என்ன பண்றது?

பஸ் ஸ்டாண்டுல ராயப்பன் பெட்டியை மேல ஏத்தி வெச்சுட்டு இறங்கி வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. "கண்ணால காட்டுனீங்களே சார், அது போதும். இல்லாட்டி சாகுற வரைக்கும் மிசினைக் குத்தம் சொல்லிக்கிட்டே கெடந்திருப்பேன்" அப்படின்னாரு. எனக்கே கண்ணு கலங்கிருச்சு. இந்தக் காலத்துல தப்பை ஒத்துக்கற மனுசன் எத்தனை பேருங்க இருக்காங்க?

அப்பத்தான் அந்தப் புள்ள என்னைத் தனியாக் கூப்புட்டுச்சு. குரலை ஏத்தலை. சாருன்னுதான் கூப்புட்டுச்சு, அது எப்பவும் மரியாதையான புள்ளதான்.

"அந்த வரியை நீங்க எடுத்தது சம்பவத்தன்னைக்கு சாயங்காலம். நான் பாத்துட்டேன் சார். நான் போய்ச் சொன்னா, கம்பெனிச் சண்டையில இவ சொல்லுதான்னுவாவ. நீங்க சொன்னா அவரு வீட்டுக்குப் போவாரு. அதிகாரி இன்னும் கிளம்பல. வாங்க சார், நானும் கூட வாரேன்."

நான் என்ன சொன்னேன்னா, உனக்கு வேண்டியது ஃபைலுதானேம்மா, இப்ப ஃபைலுதான் ஜெயிச்சிருக்குது, நான் விட்டுக் குடுத்துட்டேன், இன்னும் என்ன கோவம்னு கேட்டேன். நியாயந்தானே? அத்தனை வருசம் நான் புடிச்சு வெச்சிருந்ததை ஒரு சாயங்காலத்துல விட்டுக் குடுத்தேன். ஒருத்தரும் நன்றி சொல்லலை. அதுவும் போய்த் தொலையட்டும். அந்தப் புள்ள என்னைப் பாத்த பார்வை இருக்குதே, அதைத்தான் தாங்க முடியலை. அதுல கோவம் இல்லீங்க. நான் யாருன்னே தெரியாத மாதிரி பாத்துச்சு.

கண்டக்டரு விசில் குடுத்தாரு. கடைசி நேரப் பஸ்ஸுங்க, இதை விட்டா மதுரையில கோயமுத்தூரு பஸ் கெடைக்காது. ஏறுங்கம்மான்னேன். ஏறலை. நான் ஏறிட்டேன். ஏறாம என்ன பண்றது? மறுபடி அந்த ரூமுக்குப் போய், கையெழுத்தெல்லாம் முடிஞ்ச விசயத்தைக் கிளறி, முதலாளி பேரு, கம்பெனி பேரு, பேக்கரிக்கு மேல பொழைக்கற அத்தனை குடும்பம்... அவரே ஒத்துக்கிட்டாருங்க. நான் ஒத்துக்கச் சொல்லலை. அவரா ஒத்துக்கிட்டது.

நீங்க ஓடி வந்து ஏறினப்ப பாத்திருப்பீங்க. பஸ் வளைஞ்சு வெளிய வர்றப்ப நான் சன்னல் வழியாப் பாத்தேன். அந்தப் புள்ள லேப்டாப்பைத் தொறந்து ராயப்பன்கிட்டக் காட்டிக்கிட்டு இருந்துச்சு. அவருக்கு அதுல என்னங்க புரியும்? ஒரு வரியைத் தொட்டுக் காட்டுச்சு. என்னமோ சொல்லுச்சு. அவரு தலையைக் குனிஞ்சு கேட்டாரு. மறுபடி கேட்டாரு போல, மறுபடி சொல்லுச்சு. அப்படியே அந்த மனுசன் தரையில உட்கார்ந்துட்டாருங்க. ஆளுக நடக்கற எடத்துல, ரெண்டு கையையும் தலைமேல வெச்சுக்கிட்டு. பின்னால வந்த ஆட்டோக்காரன் ஆரன் அடிக்கறான், எந்திரிக்கலை.

நீங்களே சொல்லுங்க. ஒத்துக்கிட்டு, கையெழுத்துப் போட்டு, இப்பத்தான் அந்த மனுசன் கொஞ்சம் அடங்கியிருந்தாரு. அந்த நிம்மதியையும் கெடுத்துருச்சே.